மின்கலச் சிக்கனமும் செய்தியின் திசையும்: ஊவாத் தோட்டங்களை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

தொழில்நுட்பத்தின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. யார் கண்டுபிடித்தார், எவ்வாண்டிற் கண்டுபிடித்தார், முன்னையதிலும் பின்னையது எவ்வகையிற் சிறந்தது என்னும் வினாக்களோடு அவ்வரலாறு நிறைவுபெற்றுவிடுகின்றது. அக்கருவி எத்தகைய உற்பத்தி உறவுகளுக்குள் வந்து சேர்ந்தது, அதனாற் பேசும் உரிமை பெற்றவர் யார், கேட்கும் கடமை மட்டும் பெற்றவர் யார் என்னும் வினாக்கள் பெரிதும் எழுப்பப்படுவதில்லை. அவ்வினாக்களை மிகச் சிறிய பொருளொன்றை வைத்து நோக்க இக்கட்டுரையில் முனைகின்றோம். அப்பொருள் மின்கலம், நாளாந்த வழக்கில் நாம் பெற்றறி எனக் குறிப்பிடுவது.

மின்கலத்தில் இயங்கி, கம்பியில்லா வலைப்பின்னல் வழியே செய்தி அனுப்பும் சிறு கருவிகள் இன்று உலகெங்கும் பரவியுள்ளன. மழையை அளப்பன, மண்ணின் ஈரத்தை அளப்பன, நிலத்தின் அசைவை அறிவன என அவை பலவகைப்படும். இவற்றை அமைப்போர் எதிர்கொள்ளும் தலையாய இடர்ப்பாடு அளத்தல் அன்று, அளந்ததைச் சொல்லுதலே. சொல்லும்போதுதான் மின்கலம் விரைந்து தேய்கின்றது. ஆதலின் குறைந்த ஆற்றலிற் செய்தி அனுப்புவது எங்ஙனம் என்பது பொறியியலாளரின் நீண்டநாள் வினாவாயிற்று. பதுளை மாவட்டத்தின் மலைச்சரிவுகளில் இது வெறும் பொறியியல் வினாவன்று, உயிர்பற்றிய வினாவுமாகும். சிக்கனத்தின் பெயரால் எச்செய்தி அனுப்பப்படுகின்றது, எச்செய்தி நிறுத்திவைக்கப்படுகின்றது, யாரை நோக்கி அனுப்பப்படுகின்றது என்பவற்றைத் தீர்மானிப்பவை இறுதியிற் சமூக உறவுகளே என்பது எமது வாதம்.

1. தோட்டத்துச் செய்தியமைப்பு

பெருந்தோட்டம் தோன்றிய காலந்தொட்டே அது தனக்கென ஒரு செய்தியமைப்பைக் கொண்டிருந்தது. விடியுமுன் தப்பு முழங்கியது அல்லது கொம்பு ஊதியது. தொழிலாளர் பிரட்டுக்களத்திற் கூடினர். வேலை பிரித்துக் கொடுக்கப்பட்டது. துரையின் சொல் கணக்கப்பிள்ளை, கங்காணி வழியே மலைக்கு இறங்கியது. மாலையில் நிறுவையும் செக்ரோலும் மேலே ஏறின. கட்டளை கீழ்நோக்கியும் கணக்கு மேல்நோக்கியும் சென்ற இவ்வமைப்பில், தொழிலாளியின் சொந்தச் சொல் செல்வதற்கென ஒரு வழி வகுக்கப்படவில்லை. வெளியார் தோட்டத்துள் நுழைவதை அத்துமீறலாகக் கருதிய சட்டத்தின் துணையுடன், தொழிற்சங்கப் பேச்சு எல்லையிலேயே தடுத்து நிறுத்தப்பட்டது. கோ. நடேசய்யர் புடைவை வியாபாரி போன்று வேடமிட்டுத் தோட்டங்களுக்குட் சென்றார் என்னும் செய்தியை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

இத்தோட்டங்களை ஊடறுத்து வந்த புகையிரதப்பாதை 1924ஆம் ஆண்டில் பதுளையை அடைந்தது. தேயிலையைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்வதற்கென மலையேறிய ஒற்றைப்பாதை அது. எதிரெதிரே இரு வண்டிகள் ஒரே துண்டிற் செல்லாதிருக்க, நிலையங்களுக்கிடையே ‘டப்ளட்’ முறை கைக்கொள்ளப்பட்டது. இரு நிலையங்களிலுமுள்ள கருவிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். அடுத்த நிலையத்தின் இசைவு மணியொலியாற் பெறப்பட்ட பின்னரே வில்லை வெளியே எடுக்கப்படும்; அது சாரதியின் கைக்கு வந்தாலன்றி வண்டி நகராது.

எமது பொருளுக்கு இம்முறையின் மின்சாரப் பகுதி முக்கியமானது. இத்தகைய கருவிகள் மின்கலங்களால் இயங்கின. மணி அடிக்கும் கணத்தில் மட்டுமே மின்னோட்டம் தேவைப்பட்டது; எஞ்சிய நேரமெல்லாம் கம்பி மௌனமாயிருந்தது. 1866இல் பிரான்ஸ் நாட்டவரான லெக்லாஞ்சே அமைத்த கலம் தந்திக்கும் மின்மணிக்கும் பெரிதும் ஏற்றதாய் அமைந்தமைக்குக் காரணமும் இதுவே. தொடர்ச்சியாக மின்னோட்டம் எடுத்தால் அக்கலம் விரைவிற் களைத்துவிடும். இடையிடையே ஓய்வு கிடைத்தால் மீண்டுவிடும். சுருங்கப் பேசி நெடிது ஓய்ந்திருத்தல் என்னும் இன்றைய கருவிகளின் அடிப்படை விதி, புகையிரதத் தண்டவாளத்தோடு ஊவா மலைக்கு முன்னரே வந்து சேர்ந்துவிட்டது எனலாம். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அம்மணியொலி இருதிசைப்பட்டது. கேட்ட நிலையம் விடையளித்தாலன்றிச் செய்தி நிறைவுபெறாது. வண்டியைக் காப்பதற்கு இத்துணைக் கவனம் கொண்ட சமூகம், அவ்வண்டியில் ஏறிய தேயிலையைப் பறித்தவருக்கு விடைகூறும் உரிமையை வழங்கவில்லை.

வழங்கப்படாததைத் தொழிலாளர் தாமே உருவாக்கிக்கொண்ட தருணமொன்றும் பதுளையின் வரலாற்றில் உண்டு. 1939 இறுதியிலும் 1940இலும் மலையகத் தோட்டங்களிற் பரவிய வேலைநிறுத்த அலை, 1940 மே மாதத்தில் ஊவாவில் உச்சநிலை எய்தியது. பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸ தோட்டத்திற் தொழிலாளர் தமக்கெனத் தெரிவுசெய்த குழுவொன்றை நிறுவினர். அக்குழுவோடு கலந்தே நிருவாகம் நடத்துவதற்குத் துரை இணங்க நேர்ந்தது. இது நெடுநாள் நிலைக்கவில்லை. ஆயினும் கட்டளை கீழேயும் கணக்கு மேலேயும் என்ற நியதி குலைந்து, சொல் இருதிசையிலும் சென்ற அரிய காலமாக அது விளங்குகின்றது.

2. வானொலியும் லயமும்

மின்கலத்தாற் செய்தி லயத்துக்குள் நுழைந்தது வானொலியின் மூலமேயாகும். பெரும்பாலான லயங்களுக்கு மின்சாரம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே, அதுவும் படிப்படியாகவே வந்தது. அதற்கு முற்பட்ட காலத்தில் வானொலி என்றாலே மின்கல வானொலிதான்.

வால்வு வானொலியை மின்கலத்தால் இயக்குவது செலவுமிக்கது. வால்வின் இழையைச் சூடேற்றவே ஒரு கலம் வேண்டும். உயர் அழுத்தத்துக்கென ஏறத்தாழ 90 வோல்ற் கலத்தொகுதி வேறு வேண்டும். குடியேற்ற ஆட்சியாளர் இவ்விடர்ப்பாட்டை அறிந்திருந்தனர். 1949இல் வட றொடீசியாவில் ஆபிரிக்க மக்களுக்கென ‘சோஸ்பான்’ வானொலி எனப்பட்ட மலிவான பெட்டி அறிமுகமாயிற்று. ஒரு மின்கலத்தொகுதியில் ஏறத்தாழ 300 மணி நேரம் அது ஒலித்தது. பெட்டியின் விலை 5 பவுண். மின்கலத்தின் விலை அதன் காற்பங்கு. கேட்போரின் கூலியைக் கணக்கிட்டே கருவியின் மின்செலவு வகுக்கப்பட்டமைக்கு இது நல்ல சான்று. ஆட்சியாளர் தம் குரலை அவர்களிடத்துச் சேர்ப்பிக்க விரும்பினர்; அதற்காகவே சிக்கனம் தேடினர்.

1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் உருவான திரான்சிஸ்ரர் இந்நிலையை மாற்றியது. சூடேற்ற இழையில்லை, உயர் அழுத்தமில்லை, சில சிறு கலங்களே போதும். 1954 முதல் விற்பனைக்கு வந்த திரான்சிஸ்ரர் வானொலிகள் பின்னைய ஆண்டுகளில் உழைக்கும் மக்களின் கைக்கும் எட்டின. மலையகத்தில் ஒரு காம்பராவில் ஒலித்த வானொலி லயத்துக்கே ஒலித்தது. ஓய்ந்துபோன பெற்றறியை வெயிலில் வைத்து மேலும் சிலநாள் பாடவைத்த வழக்கத்தை மூத்த தலைமுறையினர் நன்கறிவர். செய்திக்கென ஒரு நேரம், பாட்டுக்கென ஒரு நேரம், மற்றைய வேளையில் மௌனம் என மின்கலத்தைப் பங்கிட்டு வாழ்ந்த அவ்வொழுங்கைப் பொறியியலாளர் இன்று வேறு பெயரால் அழைக்கின்றனர்.

ஆனால் அவ்வானொலி கேட்கத் தெரிந்த கருவி. பேசத் தெரியாத கருவி. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்ரோபரில் கைச்சாத்திடப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்து, 1,50,000 பேரைப் பின்னர் தீர்மானிப்பதற்கென விட்டது. அம்மக்களின் இசைவு கேட்கப்படவில்லை. தம் தலைவிதி பிறரால் எழுதப்பட்டதைச் செய்தியாகக் கேட்டறியும் நிலையிலேயே அவர்கள் வைக்கப்பட்டனர். மின்கலம் மலிந்தது, செய்தியின் திசை மாறவில்லை.

3. மௌனத்தின் பொருளியல்

இன்றைய கருவிகளுக்கு வருவோம். கம்பியில்லாத் தொடர்பிற் கணித்தல் மலிவானது, அனுப்புதலே விலையுயர்ந்தது. ஆயிரம் துணுக்குத் தரவை 100 மீற்றர் தூரம் அனுப்பச் செலவாகும் ஆற்றலைக்கொண்டு ஒரு சிறு கணிப்பான் ஏறத்தாழ 30 இலட்சம் கட்டளைகளை நிறைவேற்றிவிடலாம் எனப் பொற்றி, கைசர் ஆகியோர் 2000ஆம் ஆண்டிற் கணித்துக் காட்டினர். ஆதலின் அறிந்ததையெல்லாம் அனுப்பாது, இருந்த இடத்திலேயே சீர்தூக்கித் தேவையானதை மட்டும் அனுப்புதல் முதலாவது சிக்கனமாயிற்று.

இரண்டாவது, உறக்கம். சாதாரண எளிய கணக்கொன்றாலே இதனை விளக்கலாம். இரு சிறு காரக்கலங்களின் கொள்ளளவு 2,500 மில்லியம்பியர்மணி எனக் கொள்வோம். வானலைப் பகுதி 20 மில்லியம்பியர் எடுத்துக்கொண்டு இடையறாது விழித்திருந்தால் அக்கலங்கள் 125 மணி நேரத்தில், அதாவது ஐந்து நாளளவில், தீர்ந்துவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் விழித்து, உறங்கும்போது 10 மைக்குறோ அம்பியரை எடுக்குமாயின் சராசரி 30 மைக்குறோ அம்பியராகும். கணக்கின்படி 80,000 மணி நேரத்துக்கு மேல், அதாவது ஒன்பது ஆண்டுகளுக்கு மேல், அது இயங்கும். கலம் தானாகவே நலிவதாற் சில ஆண்டுகள் குறையலாம். ஆயினும் ஐந்து நாளுக்கும் பல ஆண்டுகளுக்கும் உள்ள வேறுபாட்டை உண்டாக்கியது உறக்கமே.

இங்கு ஓர் உண்மை வெளிப்படுகின்றது. இத்தகைய சிறு வானலைக் கருவிகளிற் கேட்டுக்கொண்டிருத்தலும் ஏறத்தாழப் பேசுவதற்கு ஈடான செலவையே உண்டாக்குகின்றது. வருமோ வராதோ எனத் தெரியாத செய்திக்காகக் காத்திருத்தலே மின்கலத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றது. காத்திருத்தலும் உழைப்பே என்பதைப் பிரட்டுக்களத்தில் நின்றவர் அறிவர். அந்நேரத்துக்கு அவர்களுக்குப் பேர் விழுந்ததில்லை. பொறியியலாளரோ காத்திருத்தலின் விலையை அளந்து கணக்கில் வைத்தனர். 2004இல் பேர்க்லி ஆய்வாளர் முன்வைத்த ‘பி-மாக்’ முறையிற் கேட்கும் கருவி உறங்கி, இடையிடையே ஒரு கணம் மட்டும் விழித்துப் பார்க்கும். அனுப்பும் கருவி, மற்றது விழிக்கும்வரை நீண்ட முன்னொலியைத் தொடர்ந்து எழுப்பவேண்டும். கேட்பவரின் சுமை சொல்பவர்மீது ஏற்றப்பட்டது. ஆகவே சிக்கனம் என்பது பல வேளைகளிற் செலவை இல்லாதாக்குவது அன்று. அதனை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாற்றுவதேயாகும். யாரிடமிருந்து யாருக்கு என்பதே கேட்கவேண்டிய வினா.

4. மழைமானியும் மலைச்சரிவும்

இவ்வினாவைப் பதுளை மாவட்டத்தின் மழை எமக்கு நேர்முகமாக எழுப்புகின்றது. ஒக்ரோபர், நவம்பர் மாதங்களின் இடைப்பருவ மழையும் அதனைத் தொடரும் வடகீழ்ப் பருவமழையும் பசறை, லுணுகலை, ஹல்துமுல்லை, கொஸ்லாந்தைச் சரிவுகளை ஊறவைக்கின்றன. காடழித்துத் தேயிலை நட்ட சரிவுகளிற் குறைந்த செலவிற் கட்டப்பட்ட லயங்களே மக்களின் இருப்பிடம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990இல் மண்சரிவு அபாய வரைபடப் பணியைத் தொடங்கியபோது பதுளை, நுவரெலியா மாவட்டங்களையே முதலில் எடுத்துக்கொண்டது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 மில்லிமீற்றருக்கு எச்சரிக்கை, 150 மில்லிமீற்றருக்கு அல்லது ஒரு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றருக்கு வெளியேற்றம் என அந்நிறுவனம் எல்லைகளை வகுத்துள்ளது.

தானியங்கி மழைமானி இவ்வெல்லைகளுக்கு நன்கு பொருந்தும் கருவி. அதன் உள்ளே சிறு கிண்ணங்கள் இரண்டு தராசுபோல் அமைந்திருக்கும். பொதுவாக 0.2 மில்லிமீற்றர் மழைக்கு ஒருமுறை கிண்ணம் சாயும். சாயும்போது காந்தமொன்று ஆளியை ஒரு கணம் மூடும். அளப்பதற்கு மின்சாரம் அனேகமாக வேண்டியதில்லை. மழையே அவ்வேலையைச் செய்துவிடுகின்றது. 150 மில்லிமீற்றருக்குக் கிண்ணம் 750 தடவை சாயும். ஒவ்வொன்றையும் அனுப்பினால் 750 செய்திகள். எல்லை கடந்தபோது மட்டும் அனுப்பினால் மூன்றே செய்திகள். கைத்தொலைபேசி வலைப்பின்னலில் ஜி.எஸ்.எம். கருவி அனுப்பும் கணத்தில் 2 அம்பியர் அளவுக்கு மின்னோட்டத்தை இழுக்கக்கூடும் என்பதை நினைவிற்கொண்டால் இவ்வேறுபாட்டின் பெறுமதி புலனாகும். சூரியத் தகடு பொருத்தலாம். ஆயின் செய்தி மிகத் தேவைப்படும் மாதங்களிலேயே மலைமுகடுகளை மூடுபனி மறைத்துவிடுகின்றது.

மௌனம் பேணும் கருவியிடத்து ஒரு பேரிடரும் உண்டு. மழையில்லாமையால் மௌனமா, கருவி செயலிழந்தமையால் மௌனமா என்பது தொலைவிலிருப்பவருக்குத் தெரியாது. இதனால் நாளுக்கு ஒருமுறையோ சிலமுறையோ ‘உயிருடன் இருக்கின்றேன்’ என்னும் சிறு குறிப்பை அது அனுப்பியாக வேண்டும். மௌனத்தை நலமென்று பொருள்கொள்ளாத ஒழுங்கு இது. லயத்தின் மௌனத்தை நலமென்றும் இசைவென்றும் பொருள்கொண்ட நிருவாகங்களின் வரலாற்றோடு ஒப்பிட்டால், கருவிக்கு வழங்கப்பட்ட மதிப்பு மனிதருக்கு வழங்கப்படவில்லை என்பது தெளிவாகும்.

2014 ஒக்ரோபர் 29ஆம் நாள் காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் பலர் தப்பினர். அவர்கள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டாரும் இல்லை. அவ்விடம் அபாயமானது, மக்கள் வேறிடத்திற் குடியமர்த்தப்பட வேண்டும் என 2005இலும் 2011இலும் முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. செய்தி இருந்தது, அறிவு இருந்தது, எழுத்திலும் இருந்தது. போவதற்கு நிலம் இருக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக உழைத்தவருக்கு அம்மண்ணில் ஒரு பேர்ச் காணிக்கேனும் உறுதி இல்லை. ‘எழுந்து போ’ என்னும் எச்சரிக்கை, போகுமிடம் உடையவனுக்கே முழுமையான செய்தி. ஏனையோருக்கு அது பாதிச்செய்தி.

5. செய்தியின் திசை

மண்சரிவுக்கான கருவிகளின் பயன்பாடு மீரியபெத்தைக்குப் பின்னர் விரிவடைந்தது வரவேற்கத்தக்கதே. ஆயினும் குறைந்த ஆற்றல் வலைப்பின்னல்களின் உள்ளமைப்பில் ஒரு சாய்வு இருப்பதை நோக்குதல் வேண்டும். உலகிற் பரவலாக வழங்கும் ‘லோராவான்’ முறையை எடுத்துக்கொள்வோம். அதன் ‘ஏ’ வகுப்புக் கருவி தான் பேசி முடித்த உடனே இரு குறுகிய இடைவேளைகளில் மட்டும் செவிகொடுக்கும், பின்னர் உறங்கிவிடும். மேலிருந்து அதனை எவரும் எழுப்ப முடியாது. மின்கலம் பல ஆண்டுகள் உழைப்பது இதனாலேயே. குறித்த நேரங்களில் விழித்துக் கேட்கும் ‘பி’ வகுப்பும் உண்டு. எந்நேரமும் செவிகொடுக்கும் ‘சி’ வகுப்புக்கோ பெரும்பாலும் மின்வழங்கல் வேண்டும்.

இதன் பொருள் யாது? மலையின் நிலையை மேலே அறிவிக்கும் கருவி மலிவானது. மேலிருந்து வரும் அபாயக்குரலை எந்நேரமும் கேட்டு லயத்தில் ஒலிக்கவேண்டிய சங்கு செலவுமிக்கது. சிக்கனத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் அளக்கும் கருவிகள் பெருகும்; அறிவிக்கும் கருவிகள் அருகும். கணக்கு மேலே ஏறும் பழைய பாதை புதிய வடிவில் மீண்டும் உருவாகும். தரவு கொழும்பை அடைவது ஒரு கணத்தில். கொழும்பிலிருந்து மேட்டு லயத்தின் கடைசிக் காம்பராவை அடைவதற்குப் பல கைகள் மாறவேண்டும். அது சிங்களத்தில் மட்டும் வந்தால் மற்றுமொரு கை தேவைப்படும். 2009இல் கைத்தொலைபேசி வழியே அனர்த்த அறிவிப்பு அனுப்பும் ஏற்பாடு இலங்கையில் தொடங்கப்பட்டது. அதுவும் கோபுரத்துக்கு மின்சாரம் இருக்கும்வரையே பயன்படும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டம் உட்பட மலையகமெங்கும் மண்சரிவுகள் நிகழ்ந்தன. பல பகுதிகளில் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் ஒருங்கே அற்றுப்போயின. கருவியின் மின்கலத்தைக் காத்துவிட்டு, அது பேசவேண்டிய கோபுரத்தின் மின்கலத்தை மறந்துவிடும் சிக்கனம் குறைச் சிக்கனமே.

இச்சாய்வு தொழில்நுட்பத்தின் இயற்கை விதி அன்று. கேட்பவரின் சுமையைச் சொல்பவர்மீது மாற்றலாம் என்பதை முன்னர்க் கண்டோம். ஆற்றல் மிகுந்த ஒலிபரப்பியொன்று செலவை ஏற்றுக்கொண்டால், லயத்திலுள்ள எளிய வானொலி சில சிறு கலங்களோடு செவிகொடுக்கும். மழைமானியின் எல்லைச்செய்தி தலைநகருக்குச் செல்லும் அதே வேளையில் அருகிலுள்ள லயத்துச் சங்கையும் நேரே இயக்குமாறு அமைக்கலாம். ஆயிரம் முறை உறங்கிச் சேமித்த ஆற்றலை அவ்வொருமுறை முழங்குவதற்குச் செலவிடுவதே சேமிப்பின் பயன். அளவுகோடிட்ட எளிய போத்தல் மழைமானியைத் தோட்டத்து மக்களே வாசித்து, எல்லை எது என்பதையும் அறிந்து, தாமே முடிவெடுக்கும் வழியும் உண்டு. அதற்கு மின்கலமே வேண்டியதில்லை. வேலைநேரத்தில் மலையை விட்டிறங்கினாற் பேர் அறுபடாது என்னும் உறுதிதான் வேண்டும்.

முடிவாக, எல்லை என்பதைப் பற்றிச் சில சொல்லல் வேண்டும். எத்தனை மில்லிமீற்றரில் விழிக்கவேண்டும் என்று கருவிக்குக் கற்பிப்பவர் மனிதர். ஒரு நாட் பேருக்கு எத்தனை கிலோ கொழுந்து என்னும் எல்லையை வகுத்தவரும் மனிதரே. முன்னையது மண்ணியல் அறிவிலிருந்தும் பின்னையது இலாபக் கணக்கிலிருந்தும் பிறந்தன. எனினும் இரண்டையும் வகுத்தபோது லயத்து மக்கள் உடனிருக்கவில்லை என்பதில் அவை ஒத்தனவாகும். வேவெஸ்ஸத் தோட்டத்தில் 1940இற் சிலகாலம் நிகழ்ந்தது போல, எல்லையை வகுப்போரின் அவையில் அம்மக்களும் அமரும்போதே செய்தி இருதிசைப்படும். பாதுகாப்பான நிலமும் அந்நிலத்துக்கு உறுதியும் அதனோடு சேரவேண்டும். அவை இல்லாதவிடத்து, பத்தாண்டு உழைக்கும் மின்கலமும் சரியும் மலையின் கணக்கைத்தான் குறைவின்றி எழுதிவைக்கும். மலையடியில் உறங்குவோரைக் காக்காது.